கீரிப்பாறைச் சாயாக் கடையில் சீனி இல்லாத டப்பா

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, குமரி மாவட்டத்தில் ரப்பர் காடுகள் சூழ்ந்த கீரிப்பாறைக்குப் போனேன். காரணம் என் மனைவி. அவள் மார்த்தாண்டத்துக்காரி, மஸ்கட்டில் நர்ஸ் வேலை. மூன்று வருடமாக நான் மதுரையில், அவள் அங்கே. "ரப்பர் காட்டப் பாத்து எவ்வளவு நாளாச்சு! ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றாள். லீவு நாளில் சும்மா கிடக்கும் கணவனுக்கு வேறென்ன வேலை?

நாகர்கோவில் வடசேரியில் காலை 7.10க்குப் பேருந்து, டிக்கெட் 25 ரூபாய். பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டியதும் மலை. ஒன்றேகால் மணி நேரப் பயணம். வெறும் வயிற்றோடு ஏறியிருந்தேன். சாயா எங்கே கிடைக்கும் என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"ஜான்சியக்கா கடை ஒண்ணுதான் மிச்சம். முன்ன மூணு கடை உண்டும்" என்றார்.

ஜான்சிக்கு நாற்பது வயதிருக்கும். அவர் போட்ட வாழைப்பழ பஜ்ஜி, அங்கே பழம்பொரி, அருமை. சாயாவில்தான் என் மதுரை நாக்குக்குச் சீனி போதவில்லை. அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததால், தொந்தரவு செய்வானேன் என்று பின்னாலிருந்த டப்பாவைச் சீனி என்று நினைத்து நானே எடுத்துத் திறந்துவிட்டேன்.

"சார், அத தொடாண்டாம்!"

உள்ளே தங்கச் சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் அடையாளத்துக்கு ஒரு துண்டுச் சேலைத்துணி முடிந்திருந்தது. எண்ணெய் சொட்டும் கரண்டியோடு நின்றவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நான் கள்ளன் இல்லை என்று நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு அவரே சொன்னார். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்ப வேண்டும், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். இரண்டு வருடத்துக்கு முன் இருட்டில் நடந்துபோன பெண்களிடம் பைக்கில் வந்த இருவர் சங்கிலி பறித்திருக்கிறார்கள். ஒருத்திக்குக் கழுத்தில் தையல். திருடர்கள் பிடிபட்டு உள்ளே போனார்கள், பயம் மட்டும் ஜாமீனில் வெளியே திரிகிறது. பாதிப் பெண்கள் வேலையை விட்டார்கள். அவர்களின் விடிகாலைச் சாயாவை நம்பியிருந்த இரண்டு கடைகள் மூடிவிட்டன. வருமானம் பாதியாகிவிட்டதால் ஜான்சியின் கணவர் கேரளத்துப் புனலூருக்குப் பால் வெட்டப் போய்விட்டார். குண்டு வெடித்தால் நாடே பேசும். சங்கிலி பறித்தால் பேப்பரில் நாலு வரி, அதனால் எத்தனை அடுப்பு அணைந்தது என்று எழுத யாருமில்லை.

"செயினை வீட்டிலேயே கழற்றி வைக்கலாமே?" என்று புத்திசாலித்தனமாகக் கேட்டேன்.

"மாமியாருக்க முன்னால வெறுங்கழுத்தோட எறங்க முடியுமா சார்? தாலிய கழத்தினா கெட்டினவனுக்கு ஆகாதுன்னு சண்டை வரும். அதனால வீட்டில இருந்து போட்டுட்டு வருவினும். இஞ்ச கழத்தித் தந்துட்டு காட்டுக்குப் போவினும்."

அந்த நம்பிக்கையில்தான் கடை ஓடுகிறது. அதனாலேயே ஒரு நாள்கூடப் பூட்ட முடியாது. புனலூரில் கணவர் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். வருகிறாளா இல்லையா என்று அன்றைக்கே சொல்ல வேண்டும், இல்லையென்றால் வீடு வேறு ஆளுக்கு.

"ரெண்டு கிறிஸ்மஸ் போச்சு சார். ராத்திரி போன்ல அவிய இருமுத சத்தம் கேக்கும். அத கேட்டுட்டு எப்படி ஒறங்க?"

என் வீட்டிலும் ராத்திரி ஒரு போன்தான் குடும்பம்.

காட்டுக்குள் கொஞ்சம் நடந்து வீடியோ எடுத்தேன். வரிசை வரிசையாக மரங்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு தேங்காய்ச் சிரட்டை, அதில் சொட்டும் பால். மதியம் கடைக்குத் திரும்பியபோது வேலை முடிந்து ஆறு பெண்கள் வந்திருந்தார்கள்.

"என்ன முடிவு பண்ணின மக்கா?" என்று அவர்களில் மூத்தவரான தங்கம்மா கேட்டார்.

"போவல. இத யாருகிட்ட குடுத்துட்டுப் போவேன்?" என்றார் ஜான்சி, டப்பாவைக் காட்டி.

தங்கம்மா தன் சங்கிலியை எடுத்தார். கழுத்தில் போடவில்லை, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினார். "நான் இப்படியே வீட்டுக்குப் போறேன். இனி காலைலயும் இப்படித்தான் வருவேன். மாமியாரு சத்தம் போட்டா போடட்டும். ஒனக்க மாப்பிள அங்க கெடந்து இருமுதான். எங்க கழுத்துக்கு காவலா நீ இஞ்ச கெடக்கியா? போ மக்கா."

ஒருத்தி தயங்கினாள். பிறகு அவளும் முடிந்துகொண்டாள். ஆறு பேரும் உச்சி வெயிலில், ஊர் பார்க்க, வெறுங்கழுத்தோடு நடந்து போனார்கள். ஜான்சி அழுதுகொண்டே போனை எடுத்தார். "வீட்ட விடாண்டாம்னு சொல்லுங்க. நான் வாறேன்."

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர், டிசம்பர் நல்லது. பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்ந்து காடு மொட்டையாகிவிடும். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் தனியாகப் போகாதீர்கள், நகை வேண்டவே வேண்டாம். திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். சாயாவைப் பிளாஸ்கில் கொண்டு போங்கள், நிறுத்தத்தில் இருந்த கடைசிக் கடையும் இப்போது இல்லை. பசியோடு இறங்கிப் பூட்டைப் பார்த்தால் கோபப்படாதீர்கள். புனலூரில் ஒருவர் சூடாகச் சாயா குடித்துக்கொண்டிருப்பார்.