சீல் உடைக்காத பாட்டில்

கிளியனூரில் மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு பி.பி. எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், ஆனந்தராஜைத்தான் கை காட்டுவேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. தங்கமான ஆள்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய எதையும் உபயோகிக்க மனசு வராது. கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி இன்னும் அட்டைப்பெட்டிக்குள் தூங்குகிறது.

அவன் மகள் வெண்ணிலாவுக்கு அப்போது நாலு வயது. மூத்திரத்தில் கிருமி வந்து இரண்டு முறை காய்ச்சலில் துவண்டு போனாள். விழுப்புரத்தில் படம் எடுத்துப் பார்த்ததில், மூத்திரம் சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறுவது தெரிந்தது. “வளர வளரச் சரியாகலாம். அதுவரைக்கும் கிருமி வராம இருக்க, தினமும் படுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் மருந்து குடுங்க. திரும்பத் திரும்ப வந்தா கிட்னியில தழும்பு விழுந்துடும்” என்று திண்டிவனத்து டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

ஒரு மாதம் போயிருக்கும். “அடுத்த பாட்டில் வாங்க வரலியே?” என்று கேட்டேன்.

“பழசே பீரோல பத்திரமா கீதுண்ணே. சீல் கூட உடைக்கல. புள்ள நல்லா ஆடிக்கினு ஓடிக்கினு கீது, அதுக்கு எதுக்கு மருந்து? நோவு வந்தா எடுத்துக்கலாம்.”

முகத்தில் என்ன பெருமை! பீரோ சாவி அவன் அரைஞாணில் தொங்கியது. பளாரென்று ஒன்று விடலாமா என்றிருந்தது எனக்கு.

விதைப்பு நாளன்று அவன் பெண்சாதி பானுப்ரியா வந்தாள். வீட்டிலிருந்து தூக்கி வந்த ஒரு பொட்டலத்தை மேஜையில் தொப்பென்று வைத்தாள்.

“அண்ணே, இது வெதையில கலக்கற மருந்து. அவரு வந்து கேட்டா குடுக்காதீங்க. எம்புள்ள கிட்னி போச்சுன்னா, மூட்டை மூட்டையா மல்லாட்டைய வச்சிக்கினு நான் இன்னா பண்றது?” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பின்னாலேயே ஆனந்தராஜ் சேற்றுக்காலோடு வந்தான்.

“அண்ணே, ஜல்தி அத்த குடு. ஆளுங்க நிக்கறாங்க, ஈரம் காஞ்சிப்புடும்.”

“வெதைக்கு இன்னா நோவு?”

“நோவு ஒண்ணும் இல்லண்ணே.”

“அப்ப எதுக்கு மருந்து? சும்மா போடு. வெதை அழுகிப்போவ ஆரம்பிச்சா அப்பறம் பாத்துக்கலாம்.”

“இன்னாண்ணே, ஒண்ணும் தெரியாத ஆளாட்டம் பேசற! அழுகிப்போனப்பறம் மருந்து ஊத்தி இன்னா பிரயோஜனம்? முன்னாடியே கலந்து…”

பானுப்ரியா பவுடர் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், ஒரு நாளும் மருந்து தவறவில்லை.

போன மாதம் மறுபடி படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது, மருந்தை நிறுத்தலாம், காய்ச்சல் வந்தால் உடனே மூத்திரத்தைப் பரிசோதித்தால் போதும் என்றார் டாக்டரம்மா. அன்று சாயங்காலமே வந்துவிட்டான் மகராசன்.

“அண்ணே, அந்த மருந்து ஒரு பாட்டில் குடு.”

“நிறுத்தச் சொல்லிட்டாங்களேப்பா!”

“புள்ள நல்லா கீதுண்ணே. நல்லா இருக்கறப்ப எதுக்கு நிறுத்தணும்?”

எனக்கு பி.பி. எகிறியது. முடியாது என்றேன். போகாமல் நின்றான். “பயமா கீதுண்ணே” என்றான், குரல் இறங்கி.

பாவமாகிவிட்டது. காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொடுத்து, உடம்பு சுட்டால் மட்டும் வைத்துப் பார் என்று அனுப்பினேன். இதுவும் பீரோவுக்குத்தான் போகும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே வந்து நிற்கிறான். அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டதாம்.