மூலை பார்க்கும் ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமையாவது ஒருத்தி நிம்மதியாக நித்திரை கொள்ளக்கூடாதா? வாரம் முழுக்க கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் ஊராரின் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி என் முதுகும் நாரியும் விட்டுப்போய்விடும். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து பஸ் மாறி மாறி ரொக்ஸ்பரோ போகவேண்டும். அங்கே ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பேஸ்போல் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட பழைய அட்டைகளின் சந்தை நடக்கும். போவது என் கணவர். இழுபட்டுப் போவது நான்.

இந்த விசர் அவரை எப்படிப் பிடித்தது என்று கேட்பார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அடுப்படியில் ஒரு சின்னத் தொலைக்காட்சி. அதில் உள்ளூர் அணியின் பேஸ்போல் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பிரெஞ்சு பழகினார். பிறகு அந்த அணியே இந்த நகரத்தை விட்டுப் போய்விட்டது, இவருடைய விசர் மட்டும் போகவில்லை. ஓர் ஆட்டக்காரன் பெரிய அணிக்கு வந்த முதல் வருடத்தில் அச்சாகும் அட்டைக்கு ரூக்கி கார்ட் என்று பெயர். அதுவும் நாங்கள் பிறப்பதற்கு முன்னர் அச்சானதென்றால் கேட்கவே வேண்டாம். நாலு மூலையும் கூராக இருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா, மடிப்பு உண்டா, அதே பக்கற்றில் கூட வந்த சுவிங்கத்தின் கறை பின்னால் ஒட்டியிருக்கிறதா, யாராவது தேய்ந்த ஓரத்தை வெட்டிப் புதிதாக்கி ஏமாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துப் பத்துக்கு ஒரு புள்ளி கொடுக்கவேண்டும். பெண் பார்க்க வந்த அன்று இந்த மனிதர் என் முகத்தை இதில் கால்வாசி நேரம்கூடப் பார்க்கவில்லை.

கேலி செய்கிறேனே தவிர, அவருக்கு அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். புவாண்ட்-கிளேர் கிடங்கில் வேலை செய்த காலமெல்லாம் "அங்கே வை, இங்கே தூக்கு" என்பதைத் தவிர அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. அந்த நிலவறையில் மட்டும்தான் அவருடைய சொல் எடுபட்டது. ஓர் அட்டைக்காக இரண்டு பேர் இழுபறிப்பட்டால் இவரிடம்தான் கொண்டுவருவார்கள். இவர் ஏழு என்றால் ஏழு. அதற்குமேல் பேச்சில்லை.

பிறகு சீனி வருத்தம் கண்ணில் வந்து நின்றது. கண்ணுக்குள் ஊசி போட்டும் பார்த்தாயிற்று. முகங்களை ஒரு மாதிரிக் கண்டுபிடிப்பார். அட்டையின் மூலை தெரியாது.

அதை அங்கே ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று நின்றார். சொன்னால் அந்த மரியாதையும் போய்விடும் என்று பயம். அதனால் நான் பக்கத்துக் கதிரையில் உட்காருவேன். அவர் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதுபோல் இருப்பார்.

"வடிவாப் பாரும். கீழ்மூலை எப்பிடி?" என்று முணுமுணுப்பார்.

"இடப்பக்கம் கொஞ்சம் மழுங்கிக் கிடக்கு. மடிப்பு ஒண்டும் இல்லையப்பா" என்பேன்.

உடனே நிமிர்ந்து அதைத் தன் தீர்ப்பாகப் பிரெஞ்சில் சொல்லுவார். தமிழ் அங்கே யாருக்கு விளங்கப்போகிறது.

போன மாரியில் ஒருநாள் இவர் கழிப்பறைக்கு எழும்பிப் போனதும், அங்கே அட்டை விற்கும் கிழவர் என்னிடம் குனிந்தார். "மடாம், எங்களுக்குத் தெரியும். ஒருநாள் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவர் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னால் போதும், நானே காரில் கூட்டிவந்து நானே பார்த்துச் சொல்வேன். நீங்கள் வீட்டில் ஆறுதலாக இருக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆறுதலுக்கு நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன். ஆனால் இவர்களுக்குத் தெரியும் என்று தெரிந்தால் அந்த மனிதர் உடைந்துபோவார். வேண்டாம், அவரிடம் மூச்சுவிடவேண்டாம் என்று கெஞ்சினேன்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு காவல். அவருக்காக, அவருடைய கண்ணை அவர்களிடமிருந்து ஒளிப்பதுபோல் நடிக்கவேண்டும், அவர்களுக்குத் தெரிந்ததை அவரிடமிருந்து ஒளிக்கவேண்டும். களைத்துப்போனேன்.

போன மாதம் ஒரு பெண் தகப்பனின் வீட்டை ஒதுக்கும்போது கிடைத்த பிஸ்கற் பேணியோடு வந்தாள். உள்ளே ஒரு ரூக்கி கார்ட். கிழவர் வாங்க நின்றார். இரண்டு பேரும் இவருடைய முகத்தைப் பார்த்தார்கள். நான் முணுமுணுக்கத் தொடங்கினேன். வலப்பக்க ஓரம் வெட்டினதுபோல் கிடக்கு, மற்ற அட்டையோடு வைத்தால் கட்டையாய்த் தெரியுது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குரல்.

"அட, தமிழா நீங்க?" இந்தியத் தமிழர் ஒருவர். ஓய்வுபெற்ற என்ஜினியராம், மகன் விட்டுப்போன அட்டைகளை விற்க வந்தவர். "ஏம்மா, சாருக்குக் கண்ணு சரியில்லைங்களா? நீங்க சொல்றதைத்தானே அவர் அப்படியே திருப்பிச் சொல்றாரு?"

இவருடைய கை அப்படியே நின்றது. என்ஜினியருக்கும் தான் செய்த வேலை விளங்கிவிட்டது. "சாரி சார். தெரியாம கேட்டுட்டேன். இங்க இருக்கிறவங்களுக்கு இது தெரியாதா?" என்று குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும் ஐயா" என்றார் என் கணவர். "கனநாளாத் தெரியும்."

பிறகு கிழவரின் பக்கம் திரும்பி, ஓரம் வெட்டின அட்டை, புள்ளி போடமுடியாது என்று சொல்லி முடித்தார். அந்தப் பெண் பேணியை மூடினாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

பஸ் தரிப்பில் குளிர் முகத்தில் அடித்தது. என்னால் பொறுக்கமுடியவில்லை.

"எப்பிடித் தெரியும் உங்களுக்கு?"

"அண்டைக்குக் கிழவர் உம்மோடை கதைக்கேக்கை நான் கதவடியிலைதான் நிண்டனான். கண்தானே போனது, காது கேக்கும்."

"எல்லாத்தையும் கேட்டனீங்களோ?"

"ஓம்."

கோபம் தலைக்கேறியது. அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் எத்தனை ஞாயிறுகளைத் தொலைத்திருக்கிறேன். "அப்ப ஏன் என்னை இவ்வளவு நாளும் இழுத்துக்கொண்டு திரிஞ்சனீங்கள்? கிழவர் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்தானே?"

அவர் பஸ் வரும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் எதுவும் தெரிந்திருக்காது.

"கூட்டிக்கொண்டு வந்திருப்பார்" என்றார். "நீர் வந்திருப்பீரோ?"

பொய் சொல்ல வாய் உன்னியது. வரவில்லை.

"மாட்டன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.