அன்னக்கிளி எழுப்பிய சுவர்

விரல் முட்டியால் இரண்டு தட்டு. காது ஒரு பக்கம் சாயும். ‘ணங்’ என்றால் நல்ல கல், வலப்புறம், ‘பொத்’ என்றால் இடப்புறம். சிமெண்ட் கல் ஏற்றி வந்த வண்டிக்காரர் பொறுமையிழந்து ஹாரனை அழுத்தியும் அன்னக்கிளி நிமிரவில்லை.

“எல்லாம் ஒரே மிசின்ல அடிச்ச கல்லும்மா” என்றார் அவர்.

“ஒரே வயித்துல பொறந்ததுங்களே ஒண்ணா இருக்குறதில்ல. நீ செத்த கம்முனு இரு.”

தேங்காய், மண்சட்டி, தர்பூசணி, மருமகன் தவணையில் வாங்கித் தந்த பீரோ என எதையும் தட்டிப் பார்த்த பிறகே வீட்டுக்குள் விடுவது அவள் வழக்கம். முதலியார்பேட்டையில் அவள் குடியிருக்கும் சந்தில் இந்தப் பழக்கம் எல்லாருக்கும் தெரியும். வயது ஐம்பதுக்கு மேல். பிறந்த ஆண்டு ரேஷன் அட்டையில் ஒன்றாகவும் ஆதாரில் வேறாகவும் இருக்கிறது. அவளைக் கேட்டால் “பெரும்புயல் அடிச்ச வருசம்” என்பாள். எந்தப் புயல் என்பதில் அவளுக்கும் கணவர் பாவாடைக்கும் இன்றுவரை உடன்பாடில்லை.

தொழில், கட்டட வேலையில் சித்தாள். சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. கொத்தனாரின் கரண்டி இத்தனை ஆண்டுகளில் அவள் கைக்கு வந்ததெல்லாம் மாலையில் கழுவி வைப்பதற்காகத்தான். சித்தாளாகச் சேர்ந்த பெண் சித்தாளாகவே வீடு திரும்புவது அந்தத் தொழிலின் எழுதாத சட்டம். அதைப் பற்றி அவள் புலம்பிக் கேட்டவர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்ப் புதுக் கரண்டி ஒன்றை வாங்கி வந்தாள். அதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

காரணம், கொல்லைப்புறம். தெருவில் சாலை போடும்போதெல்லாம் பழையதன் மேலேயே போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட, பாவாடை தன் மில் வேலை முடிந்து கிடைத்த தொகையில் மண் அடித்து மனையை உயர்த்தி வீட்டைப் புதிதாகக் கட்டினார். தோட்டமும் உயர்ந்தது. முருங்கையும் குண்டுமல்லியும் செழித்தன. பின்னால் இருக்கும் துர்காவின் வீடு மட்டும் பழைய மட்டத்திலேயே நின்றது. சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் வேலியோரத்து மண் முருங்கையோடு சரிந்து, துர்காவின் சமையற்கட்டுக்குள் புகுந்தது. அரிசிப் பானைக்குள்ளும் செம்மண்.

அதுவரை அந்த வேலிக்கு மேலாகக் குழம்புக் கிண்ணம் போகாத நாளில்லை. அன்று துர்கா போட்ட சத்தம் முதலியார்பேட்டை முழுக்கக் கேட்டது. “இனிமே ஒரு சொட்டு எம்பக்கம் வந்துது, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்!” சேற்றில் முழங்கால்வரை நின்றுகொண்டே அன்னக்கிளி சொன்னாள்: “ஒரு சொட்டு வராது. இது என் வாக்கு.” அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை. கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் மட்டும் அன்னக்கிளி ஒரு கரண்டி கூடுதலாகக் காய்ச்சுவாள். பிறகு அதைத் தானே இரவில் ஊற்றிக்கொள்வாள்.

அடுத்த மழைக்குள் வேலியோரம் மண்ணைத் தாங்கச் சுவர் எழும்ப வேண்டும். வாரநாளில் பிறர் வீட்டுச் சுவர். ஞாயிறு மட்டும் தன் சுவர். பாவாடைக்குச் சித்தாள் உத்தியோகம் கிடைத்தது.

“மேஸ்திரியம்மா, கலவ வந்துட்டுது.”

“வந்துட்டா தலையில வச்சிக்கினு நிப்பியா? கொட்டுய்யா. கையில உசுரு இல்ல?”

“கொத்தனாருங்க ஒன்ன இப்பிடித்தான் பேசுவாங்களா?”

“இதுல பாதிதான் பேசுறேன். புருசனாச்சேன்னு.”

நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, கல்லின் மேல் கல்லாக இடுப்புயரச் சுவர் எழுந்தது. பின்புறம் மண் நிரப்பியாயிற்று. பார்த்தவர்கள் மெச்சினார்கள். புரட்டாசி நடுவில் ஒரு மாலை அடித்த மழையில் அதன் நடுப்பகுதி துர்கா வீட்டுப் பக்கமாக வயிறு தள்ளி நின்றது. அன்னக்கிளி தட்டினாள். ‘பொத்’.

பாவாடை தலையில் கை வைத்தார். “தண்ணி போவ பைப் வைக்கணும்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். எத்தினி செவுத்துக்கு நானே பைப் துண்டு வெட்டிக் குடுத்துருக்கேன். வச்சா யாரு பக்கம் போவும்? அவ பக்கந்தான?”

வாக்கைக் காப்பதற்காக அடைத்த நீர், சுவரையே தள்ளிக்கொண்டிருந்தது. அவள் முகம் கழுவி, கணவரின் சட்டையைக் கழற்றிவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, சந்து வழியே சுற்றி நடந்து துர்காவின் வாசலில் நின்றாள்.

“செவுத்துல ஓட்ட போடணும். தண்ணி ஒம்பக்கம் வரும்” என்றாள் முன்னுரையின்றி.

துர்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை. “ஒரு சொட்டு வராதுன்ன?”

“சொன்னேன். வேகாத பேச்சு. தண்ணிய வுடலன்னா செவுரே வரும்.”

“சேறு?”

“பின்னாடி ஜல்லி கொட்டிட்டா சேறு வராது. வந்துச்சின்னா கூப்புடு, செவுத்த நானே இடிச்சிர்றேன்.”

துர்கா முறத்திலிருந்த அரிசியை இரண்டு முறை புடைத்தாள். “நல்ல சேல கட்டிக்கினு வந்து கேக்குற கேள்வியாக்கா இது?” என்றாள். ஓராண்டுக்குப் பின் அவள் வாயிலிருந்து வந்த முதல் ‘அக்கா’ அது. “கெணத்தோரம் வாழக்கன்னு ஒண்ணு வைக்கலாம்னு இருந்தேன். ஓட்டைய அந்தப் பக்கமாப் பாத்துப் போடு.”

வயிறு தள்ளிய பகுதியை அன்னக்கிளி மறு ஞாயிறே பிரித்தாள். உடையாத கற்களைத் தட்டிப் பொறுக்கினாள். அடிவரிசையில் இடைவிட்டுப் பைப் துண்டுகளை வைத்து, பின்னால் ஜல்லி கொட்டி, மீண்டும் கட்டினாள். ஈரம் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். வேலைக்குப் போன நாட்களில் மறுபக்கத்திலிருந்து யாரோ ஒரு குவளை தெளித்திருந்த அடையாளம் சுவரில் தெரிந்தது.

ஐப்பசி பிறந்ததும் வானம் கொட்டியது. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அன்னக்கிளி ஓடியது தன் தோட்டத்துக்கு அல்ல, துர்காவின் முற்றத்துக்கு. கிணற்றோரத்துப் பைப்பின் முன்னால் குந்தினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு செந்நிறமாகச் சிறிது கசிந்தது. நிறம் வெளுத்து வெளுத்து, நூல் பிடித்தாற்போல நீர் இறங்கி, நேற்று நட்ட வாழைக்கன்றின் காலடிக்குப் போயிற்று.

சமையற்கட்டு வாசலில் துர்கா நின்றிருந்தாள். “இன்னாக்கா வருது?”

அன்னக்கிளி உள்ளங்கையைக் குழித்துப் பைப்பின் கீழே ஏந்தினாள். நிரம்பியதும் எழுந்து, சிந்தாமல் நடந்து, அதைத் துர்காவின் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய்க் காட்டினாள்.