எரியட்டும் மாஸ்டர்

சுவாமேயில் போவாடி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எரியட்டும் மாஸ்டர் என்று கேட்க வேண்டும். குமாசி நகரத்துக் கார்கள் பழுதுக்கு வந்து சேரும் இடம் இது. அவர் வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கிறவர். பக்கத்துக் கொட்டகையில் நான் சீட்டுக்கு உறை தைக்கிறேன்.

கடல் தாண்டி இங்கே வரும் கார்களில் பாதி எங்கோ மோதியவை. ஏர்பேக் ஏற்கெனவே வெடித்துத் தீர்ந்திருக்கும். அந்த இடத்தில் அரிசியைவிடச் சற்றுப் பெரிய ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிட்டால், பை இருப்பதாக வண்டி நம்பிக்கொள்ளும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரியும் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். இங்கே எல்லோரும் செய்வதுதான். போவாடியும் செய்தார். தம்பி டான்சோவின் டாக்ஸிக்கும் அவரே வைத்துக் கொடுத்தார். கொனோங்கோ சாலையில் ஒரு லாரி டான்சோவின் கதவுப் பக்கம் மோதியது.

அடக்கம் முடிந்து பட்டறைக்குத் திரும்பிய பிறகு அவர் எந்த வண்டியிலும் ரெசிஸ்டரை விட்டுவைத்ததில்லை. சரிசெய்ய முடியாவிட்டால் "எரியட்டும்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படி வந்த பெயர். என்னிடமும் ஒன்று சொன்னார். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் உள்ள வண்டிகளுக்கு அந்தப் பக்கத் தையலை மெல்லிய நூலில் போட வேண்டும், கெட்டி நூல் போட்டால் பை கிழித்துக்கொண்டு வர முடியாது என்று. உறை சீக்கிரம் பிய்ந்துபோகிறது என்று எனக்குக் கெட்ட பெயர். ஆனாலும் அப்படித்தான் தைக்கிறேன்.

துஃபியே அம்மா ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். துணி வியாபாரி. மகள் மம்போங்கில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மறுநாள் கொண்டுபோய் விட வேண்டும், மலைச்சாலை. போன வருடம் அதே சாலையில் ஒரு மர லாரி, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் எங்கள் ஊர் வண்டியில் மகள் உட்கார்ந்திருந்த வலது பக்கக் கதவை உரசிக்கொண்டு போயிருக்கிறது. இப்போது ஒரு வாரமாகச் சிவப்பு விளக்கு.

எதிர்க் கொட்டகைக்காரன் கூப்பிட்டான். "அம்மா, அவர்கிட்ட விளக்கோட போனா விளக்கோடதான் திரும்புவீங்க. இங்க வாங்க, வாழைக்காய் சுடுற நேரத்துல அணைச்சிடறேன்."

"அணைக்கிற ஆளு எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போவாடியிடம் சாவியைக் கொடுத்தார்.

போவாடி ஸ்கேனரை மாட்டினார். வலது சீட்டு ஏர்பேக்கின் கம்பி வழியில் மின்தடை அதிகம் என்று காட்டியது. பேட்டரியைக் கழற்றினார். ஏர்பேக்கை இயக்கும் பெட்டிக்குள் மீந்திருக்கும் மின்சாரம் வடியும்வரை யாரையும் கதவருகில் விடவில்லை. பிறகு சீட்டுக்கு அடியில் கைவிட்டார். கை பிசுபிசுவென்று வந்தது. இன்னொரு முறை விட்டபோது வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சிறிய பாட்டில் வந்தது. மூடி தளர்ந்திருந்தது. அதை என் தையல் மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

சீட்டுக்கு அடியில் கம்பிகளை இணைக்கும் மஞ்சள் கனெக்டரைப் பிரித்து, தரையிலிருந்து வரும் முனையில் ஒரு ரெசிஸ்டரைச் செருகினார். பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் பழைய பிழைப் பதிவை அழித்தார். விளக்கு அணைந்தது.

துஃபியே அம்மாவின் முகம் மாறியது. "நீங்களும் அதத்தான் பண்றீங்களா?"

"இப்ப அணைஞ்சது பொய்ம்மா. தரையில வர்ற கம்பி நல்லாருக்கான்னு கேட்டுப் பாத்தேன், அவ்வளவுதான். நல்லாருக்கு. கோளாறு இதுக்கு மேல."

மறுபடி பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்தார். ரெசிஸ்டரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். ஏர்பேக்கையே மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாமே என்று நான் கேட்டேன். மீட்டரின் சிறு மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம் என்றார். டார்ச் அடித்துக் கனெக்டருக்குள் பார்த்தார். எண்ணெயும் தூசியும் சேர்ந்த களிம்பு, ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா, எண்ணெய் உள்ள எறங்கியிருக்கு."

"பாஸ்டர் ஜெபிச்சுக் கொடுத்தது. அவ உக்கார்ற எடத்துக்கு அடியில வைக்கச் சொன்னாரு."

"எண்ணெய நான் குறை சொல்லலம்மா. அது இருந்த எடத்தச் சொல்றேன்."

அந்த அம்மா மேசையில் இருந்த பாட்டிலைப் பார்த்தபடி நின்றார். போவாடி ஊசிகளை ஸ்பிரிட்டில் கழுவி, உலர்த்தி, தளர்ந்திருந்த ஒன்றை இறுக்கினார். கனெக்டரைக் கோத்தபின் அந்த அம்மாவை மண்டியிடச் சொல்லி, கையைப் பிடித்துச் சீட்டுக்கு அடியில் கொண்டுபோனார். தரையிலிருந்து சீட்டுவரை கம்பியை விரலால் தடவிப் பார்க்க வைத்தார், நடுவில் எதுவும் இல்லை என்று தெரிவதற்காக. அதற்குப் பிறகுதான் பேட்டரியை மாட்டினார்.

சாவியைத் திருப்பியதும் விளக்கு வழக்கம்போல ஒரு கணம் எரிந்தது. அணைந்தது. சற்று முன் பொய்யாக அணைந்தது போலவேதான் இருந்தது.

"அப்ப மோதினா திறக்குமா, மாஸ்டர்?"

"மோதினாத்தான் தெரியும். வழி சரியா இருக்கு. அதுவரைக்கும்தான் என்னால சொல்ல முடியும்."

திறக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா இந்த மனுஷன் என்று எனக்கு இருந்தது. அவர் சொல்லவில்லை.

"நாளைக்கு அவள இதுலயேதான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அந்த அம்மா கடைசியில். "எண்ணெய அவ நெத்தியில வைக்கிறேன்."

பாட்டிலைத் திறந்தவர், போவாடியின் கையை நீட்டச் சொன்னார். கரி படிந்த உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். போவாடி கையை மூடிக்கொண்டார். வண்டி முனை திரும்பி மறையும்வரை மூடியபடியே நின்றார்.

பிறகு ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, விரல் விரலாகத் துடைத்துவிட்டு, அடுத்த வண்டிக்குப் போனார்.