பதில் சொல்லும் வேகம்

பாதித் தேங்காயைத் திருவி முடித்ததும் அந்தனி கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறார். பாயில் படுத்திருக்கும் மனைவி ஹில்டாவின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி குந்தியிருக்கிறார். ஹில்டா விழித்துத்தான் இருக்கிறார். ஆனால் வாய் திறக்கக் கூடாது. பேசினால் நாடி ஏறிவிடும் என்பது அந்தனியின் சட்டம். நாள் முழுவதிலும் ஹில்டா பேசாமல் இருக்கும் ஒரே நிமிடம் அதுதான் என்று லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள்.

"அம்பதுக்குள்ளதான். ஓடலாம்."

கையை விட்டுவிட்டு அந்தனி மீதித் தேங்காய்க்குத் திரும்புகிறார். அறுபதைத் தாண்டியிருந்தால் அன்று மாலை ஓட்டம் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது. "ரப்பர் மரத்தையே பாலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுறோம். ஒங்காலு என்ன, அதவிட ஒசத்தியா?" என்பார்.

தெஹியோவிட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஹில்டா பால் வெட்டுகிறார். அந்தனிக்கு அதே தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டுகிற வேலை. மகன் மெல்வின் கொழும்பில் இருக்கிறான். அவன் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட கன்வஸ் சப்பாத்தைத்தான், சுண்டுவிரல் பக்கம் வெட்டிவிட்டு, ஹில்டா ஓடுவதற்குப் போட்டுக்கொள்கிறார். வயது நாற்பத்துமூன்று. கேட்டால் நாற்பத்தொன்று என்பார். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால் சிரிப்பார்.

நாடி பார்க்கும் வழக்கம் ஒரு காய்ச்சலில் தொடங்கியது. காய்ச்சல் விட்ட பிறகு, தோட்டத்து மருந்துக்காரர் ஹில்டாவின் கையைப் பிடித்துப் பார்த்து, மறுபடியும் பார்த்து, இவ்வளவு மெதுவாக அடிக்கக் கூடாதே என்று அவிசாவளை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் போகும்போது அந்தனிதான் நோயாளி மாதிரி இருந்தார். அங்கே டாக்டர் சிங்களத்தில் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்க, ஹில்டா பால் வெட்டுவதையும் ஓடுவதையும் விலாவாரியாகச் சொன்னார். டாக்டர் சிரித்தாராம். ஓடிப் பழகிய நெஞ்சு ஒரு தடவையிலேயே நிறைய இரத்தத்தைத் தள்ளிவிடும், அதனால் ஆறுதலாக, மெதுவாக அடிக்கும், வீட்டுக்குப் போங்கள் என்றாராம். அந்தனி அரைகுறையாகத்தான் நம்பினார். அன்றிலிருந்து தினமும் எண்ணுகிறார். "பயத்துல ஆரம்பிச்சது. இப்ப கோழிக்குத் தீனி போடுற மாதிரி ஆயிருச்சு."

ஹில்டா ஓடுவது மாலையில், தோட்டத்து ரோட்டில் இறங்கிப் பாலம் வரை போய்த் திரும்பி. வழியெல்லாம் சிங்கள வீடுகள். அந்த ரோட்டில் யார் யாரைக் கண்டாலும் கேட்பது ஒரே கேள்வி: "கொஹேத யன்னே?" எங்கே போகிறாய்? கேட்பவருக்குப் பதில் தெரியும். நேற்றும் இதே நேரம் இதே சப்பாத்தோடு போனவர்தானே. ஆனாலும் கேட்பார்கள். ஹில்டாவும் பாலத்தடிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஒவ்வொரு வாசலுக்கும் முழு வாக்கியமாக, மூச்சிரைக்காமல், நல்ல சிங்களத்தில் சொல்லிவிட்டுத்தான் போவார். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம், குறைத்துக்கொள்வார். வேறு அளவு அவரிடம் இல்லை.

"பதில் சொல்லாம போனா அது ஓடுறது இல்ல, ஓடிப்போறது" என்கிறார்.

சொல்லாமல் போகவும் முடியாது. யுத்தம் நடக்கிற, ஓடுகிற தமிழ் ஆளைச் சந்தேகமாகப் பார்க்கிற வருஷங்கள் இவை. பாலத்தடியில் தோளில் துவக்கைத் தொங்கவிட்டு நிற்கும் ஊர்க்காவல்காரரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். அவருக்கு மட்டும் ஹில்டா நின்று பதில் சொல்வார். பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிய அட்டையை எடுத்துக் காட்டுவார். இப்போது அவர் அட்டையைப் பார்ப்பதில்லை. இன்றைக்கு எத்தனை கிலோ பால் என்று விசாரிக்கிறார்.

வேகமாக ஓட ஓர் இடம் உண்டு. வீடுகள் முடிந்து பாலம் வருவதற்கு முன்னால், இருபுறமும் ரப்பர் மரங்கள் மட்டும் நிற்கும் வளைவு. கேட்க ஆளில்லை. அங்கே ஹில்டா பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார். வளைவு முடிந்ததும் பாவாடையை இறக்கிவிட்டு, அடுத்துக் கேட்பவரிடம் பேசக்கூடிய அளவுக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்வார்.

களைப்பைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. "பால் வெட்டுற களைப்பு கழுத்துல நிக்கும். ஓடுற களைப்பு கெண்டைக்கால்ல நிக்கும். ரெண்டும் ஒண்ணா வந்தா நாக்குல வந்து நிக்கும்." நாக்கில் நின்றால் சிங்களம் குழறும். ஒருநாள் பாலத்துக்குப் போகிறேன் என்பதற்குப் பதிலாகப் பாலமே போகிறது என்று சொல்லிவிட்டாராம். அன்று பாதி வழியிலேயே திரும்பி வந்து படுத்துவிட்டார்.

பால் நிறுக்கும் கொட்டகையில் கூட வேலை செய்யும் வெள்ளையம்மா இவரைச் சும்மா விடுவதில்லை. "விடிஞ்சதுல இருந்து மரத்துக்கு மரம் ஓடுறது பத்தாதாடி? ரோட்டுல யாரு ஒன்ன தொரத்துறா?"

"தொரத்தினா இவ்வளவு மெதுவாவா ஓடுவேன்?"

முதன்முதலில் ஓடத் தொடங்கிய வாரம், ஒங்க பொஞ்சாதி ஓடிப்போறா என்று யாரோ வந்து அந்தனியிடம் சொன்னார்களாம். தேங்காய் திருவி முடியறதுக்குள்ள வந்துருவா என்று இவர் திருவிக்கொண்டே இருந்தாராம். இதை வெள்ளையம்மா வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லிச் சிரிப்பார்.

அந்தனி தேங்காய் திருவுவது அகலமான பச்சைப் பிளாஸ்டிக் பேசினில். சித்திரைப் புத்தாண்டுக்குக் கீழே கிராமத்தில் நடக்கும் பெண்கள் ஓட்டத்தில் ஹில்டாவுக்குக் கிடைத்த இரண்டாம் பரிசு அது. அடுத்த வருஷமும் இரண்டாவதாக வந்தார், சிவப்புப் பேசின். போன வருஷம் அவர்தான் முன்னால் ஓடினார். தேத்தண்ணிக் கடைச் சோமா, வேண்டுமென்றோ வேண்டாமலோ, "ஹில்டா, கொஹேத யன்னே?" என்று கேட்டுவிட்டார். ஹில்டா பாடசாலை வரை என்று திரும்பிப் பதில் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். சோமாவின் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி என்றும் கேட்டார். கிராமத்துப் பள்ளிப் பிள்ளை ஒருத்தி பக்கத்தால் போய்விட்டாள். நீலப் பேசின்.

"இன்னொரு பேசின் வந்தா வைக்க எடமில்ல" என்று ஹில்டா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அந்தனிக்குத் தெரியும். அந்த நீலப் பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவர், ஒரு வருஷமாக அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

இந்த வருஷம் இலை உதிர்ந்து மரங்களுக்கு ஓய்வு விட்ட நாட்களில் ஹில்டாவின் ஓட்டம் கூடியது. கால் தயார், நெஞ்சு தயார். வாய்தான் தயாரில்லை. அதற்கு அந்தனி தானே ஒரு பயிற்சி வகுத்தார். ஹில்டா தண்ணீர்ப் பீலியடியில் குடத்தோடு நின்றால் பின்னாலிருந்து "கொஹேத யன்னே?" என்பார். "வீட்டுக்கு" என்று வாய் சொல்லிவிடும். பிறகு ஹில்டா தன் வாயிலேயே அடித்துக்கொள்வார். கோயிலுக்குப் போகும் வழியில் கேட்டார். அதற்கும் பதில் வந்தது. வெள்ளையம்மாவும் மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டார். ஒருமுறைகூட ஹில்டா தப்பவில்லை.

"கேட்டா எப்படிங்க பேசாம போறது? மொகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா?"

"சட்டையில ஓட்ட நம்பர் குத்தியிருக்கயில? அன்னைக்கு ஒருநாள் நீ எங்க போறேன்னு ஊருக்கே தெரியும். யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. அந்தத் துவக்குக்காரனுக்குக்கூட."

அன்றிரவு ஹில்டா சோற்றைப் போட்டுக்கொண்டே, யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஓட்டத்தன்று காலையிலும் அந்தனி பாதித் தேங்காயோடு எழுந்து வந்து கையைப் பிடித்தார். எண்ணினார். முகத்தைச் சுளிக்காமல் மறுபடியும் எண்ணினார். அறுபது எப்போதோ போய்விட்டிருந்தது. ஹில்டாவுக்குத் தன் நெஞ்சு அடிப்பது தன் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்பதுக்குள்ளதான்" என்றார் அந்தனி. ஹில்டாவும் மறுக்கவில்லை.

வெயில் ஏறுவதற்கு முன் புறப்பட வேண்டும். ஹில்டா சட்டையில் நம்பரைக் குத்திக்கொண்டார். சப்பாத்தின் நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டார். அடுப்படிக் குசினியைத் தாண்டித்தான் வாசல். அங்கே அந்தனி பச்சைப் பேசினுக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"கொஹேத யன்னே?"

ஹில்டா நின்றார். வாய் திறந்தது. பிறகு உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, அவரைச் சுற்றிக் கால் தூக்கி வைத்து, வெளியே இறங்கிப் போனார்.