இரண்டு ஊர்களின் மழை

எங்கள் மாவட்டத்தில் பதினோரு சிறிய ஊர்கள். ஊருக்கு ஒரு மழைமானி. எங்கள் ஊர் மானியைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்துவந்தவர் இங்குள்ள வருவாய்த்துறை அலுவலக ஊழியரான ஒரு பெண்மணி. ஊராருக்கு அவர் மழைக்காரம்மா. காலை எட்டரை மணிக்கு, தேங்கிய நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படிப்பார். பின்னர்த் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தெரிவிப்பார்.

அதற்குள் பக்கத்து ஊர் அலுவலகக் காவலாளி அழைத்துவிடுவார்.

"தங்கச்சி, இன்னைக்கு எவ்வளவு?"

"ஏழு, அண்ணே."

"அப்ப எனக்கும் ஏழுதான்."

காவலாளிக்கு முழங்கால் வலி. அவ்வூர் மானியோ, ஆடுகள் தட்டிவிடும் என்பதற்காக மொட்டைமாடியில் வைக்கப்பட்டிருந்தது. எட்டுக் கிலோமீட்டருக்குள் மழை என்ன பெரிதாக மாறிவிடும் என்று இருவரும் ஓராண்டை ஓட்டிவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைமை அலுவலக எழுத்தர் அழைத்தார்.

"ரெண்டு ஊர் அளவும் வருஷம் பூரா ஒண்ணாவே இருக்கும்மா. ஒரு மானி போதும்னு மேல நினைக்கிறாங்க. உங்களுதுதான் பழசு. இந்த ஒரு மாசம் பாத்துட்டு எடுத்துடுவாங்க."

மானி போனால் மழைக்காரம்மாவையும் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிடுவார்கள். போக இரண்டு பேருந்து, வர இரண்டு பேருந்து. தச்சரான கணவருக்கோ பட்டறை இங்கே.

"உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"சொன்னா அண்ணன் வேலை போயிடும். ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் இருக்கு."

"அப்ப மூட்டை முடிச்சைக் கட்டு."

"கட்டறேன். உங்களையும் சேத்துக் கட்டறேன்."

கணவர் சிரித்தார். பிறகு எழுந்துபோய், பட்டறையில் மிஞ்சிக் கிடந்த சட்டங்களைப் புரட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தச் சட்டங்களுடன் பக்கத்து ஊருக்குச் சென்றார்கள்.

"நாளையிலேர்ந்து நான் அளவு சொல்ல மாட்டேன் அண்ணே," என்ற மழைக்காரம்மா, எழுத்தர் சொன்னதை விளக்கினார்.

காவலாளி தலைகுனிந்தார். "எம்மேல கோவமா?"

"எம்மேலதான். கேட்டப்பல்லாம் சொன்னவ நான்தானே."

பிற்பகலுக்குள், முற்றத்தின் திறந்த வெளியில் நாற்புறமும் வேலி எழுந்தது. மானி மாடியிலிருந்து இறங்கி அதற்குள் அமர்ந்தது.

"ஆடு உள்ள வராதே மாப்ளே?"

"வராது. நீங்க தெனம் வரணும், மச்சான்."

அடுத்த வாரம் ஒரு நாள் எங்கள் ஊரில் பன்னிரண்டு மில்லிமீட்டர், அங்கே மூன்று. மற்றொரு நாள் அங்கே இருபது. எங்கள் குவளையில் ஒரு சொட்டும் இல்லை.

"என்னம்மா, ரெண்டு ஊருக்கும் சண்டையா?" என்று எழுத்தர் கேட்டார்.

"இல்லீங்க. மழை அப்படித்தான் பெஞ்சிருக்கு."

மாத இறுதியில் கடிதம் வந்தது: இரு மானிகளும் தொடரலாம்.

காவலாளி இன்றும் அழைக்கிறார். ஆனால் தம் அளவைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லி முடித்த பிறகே. அந்த ஓராண்டில் இரு ஊருக்கும் ஒன்றாகவே மழைக்காரம்மா குறித்துவைத்த அளவுகள் மட்டும் பழைய ஏட்டில் அப்படியே இருக்கின்றன. எதையேனும் தேடி அந்த ஏட்டைத் திறக்க நேர்ந்தால், மழைக்காரம்மா அப்பக்கங்களைச் சற்று விரைவாகப் புரட்டிவிடுவார்.