கேட்டுப் படித்தவர்

"கண்ணாடியை மறந்திட்டன், நீங்கள் வாசியுங்கோ" என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு வரும். சிட்னியின் செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் அவர், நான் வேலை பார்த்த கிடங்கில் சரக்கு ஏற்றுகிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். ஞானஸ்நானம் பெற மிகவும் ஆசைப்பட்டார். ஆனால் போதகர் கொடுத்த பாடப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவர், இரண்டு வருடமாக நாள் குறிக்க விடவேயில்லை.

அப்போது நான் பகுதிநேரமாகத் திருச்சபை வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம், வகுப்பில் கேட்டதைத் தேநீர் நேரத்தில் மூச்சுவிடாமல் கொட்டினேன். ஆதித் திருச்சபையில் பல இடங்களில், ஞானஸ்நானத்தில் சொல்லவேண்டிய விசுவாச அறிக்கையை எழுதிக்கொள்ளவே விடமாட்டார்களாம். ஆசிரியர் வாயால் சொல்லுவார்; ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் கேட்டு மனப்பாடம் செய்து, சில நாள் கழித்துச் சபை முன்னால் திருப்பிச் சொல்லுவார்கள்.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப, வாசிக்கத் தெரியாத ஆக்களையும் சேர்த்தவையோ?"

"ஆமாண்ணே. நிறைய பேருக்கு வாசிக்கத் தெரியாது."

எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. சண்டையில் பள்ளிக்கூடம் நின்றுபோனதை அன்றுதான் சொன்னார். "எனக்கும் அப்பிடிச் சொல்லித் தாங்கோ." நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்து கூசிப்போனேன்.

மறுநாளே நான் போதகரிடம் பேசினேன்; அவரும் சம்மதித்தார். அதன்பின் கிடங்கில் மதிய இடைவேளைதான் எங்கள் வகுப்பு. நான் ஒரு வரி சொல்ல, அவர் திருப்பிச் சொல்லுவார். சொல்லிவிட்டுக் கேள்வியும் கேட்பார். சிறுவயது முதல் ஒப்பித்து வந்த எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. இயேசு பாதாளத்தில் இறங்கினார் என்ற வரி வந்தபோது, "பாதாளத்துக்கு ஏன் போனவர்?" என்று ஒருநாள் கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "அங்க கிடந்த சனத்தைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போயிருப்பார்." ஆதித் திருச்சபையின் ஆசிரியர்களும் அதையேதான் கற்பித்திருந்தார்கள். அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

ஞானஸ்நான நாளன்று போதகர் பழக்கத்தில் புத்தகத்தை நீட்டினார். அண்ணன் அதை மெல்ல விலக்கிவிட்டு ஒலிவாங்கி முன் நின்றார். "எனக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டுப் படிச்சனான்." பாதாளம் வரும் வரியில் அவர் சற்று நின்றபோது மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் மறக்கவில்லை; எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு கடைசிச் சொல்வரை கணீரென்று சொல்லி முடித்தார்.

இப்போது எங்கள் கூட்டத்தில் முதல் வசனத்தை அண்ணன்தான் சொல்கிறார். வீட்டில் ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார். நாங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் திருப்பிச் சொல்கிறோம். நான்தான் அடிக்கடி தடுமாறுகிறேன். அவர் பொறுமையாக மறுபடியும் சொல்லித் தருகிறார்.